‘வேதனை’ என்னும் ஒரு சொல்: ஆங்கில ‘ஆகனி’யும் தமிழின் நோவுச் சொற்களும்

முன்னுரை

ஆங்கிலத்தில் கடுந்துன்பத்தைக் குறிக்கும் சொற்கள் பல உள. அவற்றுள் ‘ஆகனி’ என ஒலிக்கப்படும் சொல் செய்தித்தாளிலும் புதினத்திலும் சமய நூலிலும் மருத்துவக் குறிப்பிலும் ஒருங்கே பயில்கின்றது. இதனைத் தமிழாக்க முற்படுவோர் பெரும்பாலும் ‘வேதனை’ என்றோ, அதற்கு ஓர் அடைகொடுத்துக் ‘கடும் வேதனை’, ‘மரண வேதனை’, ‘சொல்லொணா வேதனை’ என்றோ எழுதி அமைகின்றனர்.

இதனைப் பிழை என்று கூறுவதற்கில்லை. ஆயினும் இது போதுமானதா என்பது ஆராயத்தக்கது. மலேசியத் தமிழரின் கடந்தகாலம் பற்றிய கட்டுரைகளிலும் மேடையுரைகளிலும் மாணவர் எழுத்திலும் ‘வேதனை’ என்னும் சொல் எத்துணை மிகுதியாகப் பயில்கின்றது என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். தோட்டத்து வாழ்க்கை வேதனை. சயாம் மரண ரயில் வேதனை. தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் இடம்பெயர்ந்ததும் வேதனை. வேறுவேறான பட்டறிவுகள் ஒரே பெயரைப் பெறும்பொழுது அவற்றிடையே உள்ள வேறுபாடு மறைந்துபோகின்றது. யாருக்கு என்ன நேர்ந்தது, யாரால் நேர்ந்தது, நேர்ந்தபோது அவர் என்ன செய்தார் என்னும் வினாக்கள் எழாமலே போகின்றன.

இக்கட்டுரை ‘ஆகனி’ என்னும் சொல்லின் பொருள் வரலாற்றை முதற்கண் கூறுகின்றது. அதன்பின் அதனோடு ஒப்பவைத்துத் தமிழின் நோவுச் சொற்களை ஆராய்கின்றது. அவ்வாங்கிலச் சொல்லின் அடிப்படைப் பொருளாகிய போராட்டம் தமிழில் எவ்விடத்து வெளிப்படுகின்றது என்பதைக் காட்டுவதே இதன் நோக்கம். சான்றுகள் பண்டை இலக்கியத்திலிருந்தும், காப்பார், கிள்ளான் வட்டாரத் தோட்ட மக்களின் பேச்சு, வரலாறு ஆகியவற்றிலிருந்தும் எடுத்தாளப்பெறுகின்றன.

சொல்லின் வரலாறு

கிரேக்க மொழியில் ‘அகோன்’ என்பது மக்கள் கூடும் கூட்டத்தையும், அக்கூட்டத்தின் முன்னிலையில் நிகழும் போட்டியையும் குறித்தது. மற்போரும் ஓட்டமும் தேரோட்டமும் ‘அகோன்’ எனப்பட்டன. நாடகப் போட்டியும் அப்பெயரே பெற்றது; நீதிமன்றத்தில் இருதரப்பார் வழக்காடுவதும் அப்பெயரே பெற்றது. இதிலிருந்து பிறந்த ‘அகோனியா’ என்னும் சொல் வெற்றிக்கான போராட்டத்தையும், போராடுவோனின் உள்ளத்தில் எழும் பதற்றத்தையும் சுட்டிற்று. நாடகத்தின் முதன்மை மாந்தரைக் குறிக்கும் ‘புரோட்டகனிஸ்ட்’, எதிர்மாந்தரைக் குறிக்கும் ‘ஆன்டகனிஸ்ட்’ ஆகிய திறனாய்வுக் கலைச்சொற்களும் இவ்வேரினின்று தோன்றியவையே.

இலத்தீன், பிரெஞ்சு ஆகிய மொழிகளின் வழியாக 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்திற்கு வந்தபோது ‘ஆகனி’ மனத்துன்பத்தைக் குறித்தது. சிறப்பாக, சிலுவையில் அறையப்படுவதற்கு முந்திய இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு உற்ற துன்பத்திற்கு இச்சொல் வழங்கப்பட்டது. லூக்கா எழுதிய நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் நிற்கும் சொல் ‘அகோனியா’ என்பதேயாகும். புதிய ஏற்பாடு முழுவதிலும் அவ்வோரிடத்தில் மட்டுமே அது வருகின்றது என்பது குறிப்பிடத்தக்கது. 16ஆம் நூற்றாண்டில், உயிர் பிரியும் நேரத்து உடல் உறும் துடிப்பு இச்சொல்லின் பொருளாயிற்று. அதனையடுத்தே உடலின் கடுநோவு என்னும் இன்றைய பொருள் பெருவழக்காயிற்று. எனவே கூட்டத்தில் தொடங்கிப் போட்டி, மனம், மரணம், உடல் எனப் படிப்படியாக இச்சொல் நகர்ந்துள்ளது எனலாம்.

பழம்பொருள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. ஸ்பானியச் சிந்தனையாளர் மிகுவேல் தெ உனாமுனோ 1925இல் கிறித்துவத்தின் ‘ஆகனி’ என்னும் பெயரில் ஒரு நூல் வெளியிட்டார். கிறித்துவம் சாகக் கிடக்கின்றது என்பது அவர் கருத்தன்று. நம்பிக்கைக்கும் ஐயத்திற்கும் இடையே ஓயாது போராடுவதே அதன் வாழ்வு என்னும் பொருளில், கிரேக்க வேரை எண்ணியே அவர் அச்சொல்லை ஆண்டார். அன்றாட ஆங்கிலத்திலும் முடிவெடுக்க இயலாமல் ஒருவர் உள்ளத்தோடு போராடுவதைக் குறிக்க இதன் வினைவடிவமே பயன்படுகின்றது. இறக்கும் தறுவாயில் மூச்சு விட்டுவிட்டு இழுப்பதை மருத்துவர் இச்சொல்லடியாகப் பிறந்த பெயரடையாலேயே குறிக்கின்றனர். மற்றொரு புறம், 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் செய்தித்தாள்களில் பிரிந்தோரும் தொலைந்தோரைத் தேடுவோரும் விளம்பரம் செய்த பகுதி ‘ஆகனிப் பத்தி’ எனப்பட்டது. பின்னாளில் வாசகரின் குடும்பச் சிக்கலுக்கு அறிவுரை கூறும் பகுதிக்கும் அப்பெயர் சென்றது. இறுக்கமான காலணியால் நேரும் தொல்லையையும் இன்று சிலர் இச்சொல்லாலேயே கூறுவர். ஒரு சொல் மிகுதியாக வழங்கப்படுங்கால் அதன் கடுமை தேய்வது எம்மொழிக்கும் இயல்பு.

ஆங்கிலத்தின் பிற துன்பச் சொற்களோடு வைத்து நோக்கினால் இதன் தனித்தன்மை புலப்படும். ‘பெயின்’ என்பது தண்டனை என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. ‘ஆங்விஷ்’ என்பது இடுக்கம், நெருக்கம் என்னும் பொருளது. ‘டார்மென்ட்’ முறுக்குதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. ‘எக்ஸ்குருஷியேட்டிங்’ என்பதனுள் சிலுவையைக் குறிக்கும் இலத்தீன் சொல் அமைந்துள்ளது. தண்டிக்கப்படுதல், இறுக்கப்படுதல், முறுக்கப்படுதல், சிலுவையில் ஏற்றப்படுதல் ஆகிய இந்நான்கிலும் துன்புறுவோன் செயப்படுபொருளாக நிற்கின்றான். ‘ஆகனி’யிலோ அவன் எழுவாயாக நிற்கின்றான், போராடுவோன் அவனே. இவ்விலக்கண வேறுபாடே இக்கட்டுரையின் அடிப்படையாகும்.

‘வேதனை’, ‘வலி’ முதலிய சொற்கள்

‘வேதனை’ வடமொழியில் அறிதல், உணர்தல் என்னும் பொருளுடைய வேரினின்று வந்தது. பௌத்த நூல்களில் ஐந்து கந்தங்களுள் ஒன்றாகவும், பன்னிரு நிதானங்களுள் ஒன்றாகவும் இச்சொல் இடம்பெறுகின்றது. ஆங்கு இன்பம், துன்பம், இரண்டுமற்ற நிலை ஆகிய எல்லா உணர்வும் வேதனையே. மணிமேகலை இதனைத் தமிழாக்குங்கால் ‘நுகர்வு’ என்னும் சொல்லைத் தேர்ந்துகொண்டது. துய்த்தலைக் குறிக்கும் அச்சொல், மூலத்தின் நடுநிலையைச் செவ்வனே காக்கின்றது. பின்னாளில் தமிழில் ‘வேதனை’ துன்பத்தை மட்டும் குறிக்கலாயிற்று. ஆயினும் ‘உணரப்படுவது’ என்னும் அதன் அடிப்படை மாறவில்லை. வேதனை ஒருவனுக்கு நேர்வது, அவன் செய்வதன்று. ‘வேதனை அடைந்தார்’, ‘வேதனைக்கு ஆளாயினர்’, ‘வேதனையை அனுபவித்தனர்’ என அதனோடு சேரும் துணைவினைகளே இதற்குச் சான்றாகும்.

நற்செய்தி நூலின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, கெத்செமனே நிகழ்ச்சியில் ‘வியாகுலம்’ என்னும் சொல்லை ஆண்டுள்ளது. வியாகுலம் என்பது மனம் கலங்கி நிலைகொள்ளாதிருத்தல். உடல்நோவைச் சுட்டாது உள்ளக் கலக்கத்தைச் சுட்டியதால் இது மூலத்திற்கு நெருங்கிய தேர்வே. எனினும் கலக்கம் வேறு, போராட்டம் வேறு. கிரேக்கச் சொல்லில் இருந்த போட்டிக்களம் இம்மொழிபெயர்ப்பில் இல்லை.

தமிழுக்கே உரிய ‘வலி’ என்னும் சொல் இங்கு நம் கருத்தைக் கவர்கின்றது. திருக்குறளில் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரம் வலிமையை அறிதல் பற்றியது, நோவைப் பற்றியதன்று. பழந்தமிழில் ‘வலி’ என்றால் ஆற்றல். ‘வலித்தல்’ என்னும் வினைக்கு இழுத்தல் என்னும் பொருளும் உண்டு. துடுப்பு வலித்தல் என்னும் வழக்கும் ‘வலிப்பு’ என்னும் நோய்ப்பெயரும் அதனைக் காட்டுகின்றன. ஆற்றல், இழுத்தல், நோவு என்னும் மூன்றும் ஒரு சொல்லின்கண் கூடியிருப்பது, போட்டியும் நோவும் ‘ஆகனி’யில் கூடியிருப்பதோடு ஒப்பிடத்தக்கது. இவ்வாறே ‘விழுமம்’ என்னும் உரிச்சொல்லுக்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை என மூன்று பொருள்களைத் தொல்காப்பிய உரியியல் வகுத்துள்ளது. இன்று ‘விழுமியம்’ என மேன்மையை மட்டும் நாம் கொண்டுள்ளோம். இடும்பை என்னும் பொருளை இழந்துவிட்டோம். ‘அவதி’ என்னும் சொல்லுக்கு எல்லை என்னும் பொருளும் உண்டு என்பதைக் ‘காலாவதி’ இன்றும் நினைவூட்டுகின்றது. ‘இடுக்கண்’ என்பது இடுங்குதல், இடுக்கு ஆகியவற்றோடு இயைந்து நிற்பதால் ஆங்கில ‘ஆங்விஷ்’ஷுக்கு உடன்பிறப்பு எனத் தகும்.

மலாய் மொழியும் இவ்வொப்பீட்டிற்குத் துணைசெய்கின்றது. மலாயில் துன்பத்தைக் குறிக்கும் ‘செங்சாரா’, வடமொழிச் ‘சம்சார’த்தினின்று வந்தது. அதே சொல் தமிழ்ப் பேச்சுவழக்கில் மனைவியையும் குடும்பத்தையும் குறிக்கின்றது. கொடுமைப்படுத்தலைக் குறிக்கும் ‘செக்சா’, கல்வி எனவும் தண்டனை எனவும் பொருள்படும் ‘சிட்சை’யின் வடிவமாகும். தண்டனையினின்று நோவு பிறந்த ஆங்கிலப் ‘பெயின்’ சென்ற வழியையே ‘செக்சா’வும் சென்றுள்ளது. மும்மொழிச் சூழலில் பயிலும் நம் மாணவர்க்கு, சொற்கள் இவ்வாறு பொருள் மாறுவதை எடுத்துக்காட்ட இவற்றினும் எளிய சான்றுகள் கிடைத்தல் அரிது.

பேச்சுவழக்கின் நுட்பம்

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள காப்பாரும் அதன் சுற்றுப்புறமும் முன்னர் இரப்பராலும் பின்னர்ச் செம்பனையாலும் சூழப்பட்டிருந்தவை. பால்மரம் சீவியும் காண்டாவில் வாளி சுமந்தும் வாழ்ந்த மக்களின் பேச்சில் நோவுக்குப் பொதுப்பெயர் வைத்து அமையும் வழக்கமில்லை. சுமந்த தோளில் ‘கடுப்பு’, எலும்புக்குள் ‘குடைச்சல்’, விலாவில் ‘குத்தல்’, கைகாலில் ‘உளைச்சல்’, கண்ணில் ‘எரிச்சல்’, கழுத்தில் ‘பிடிப்பு’, கணுக்காலில் ‘சுளுக்கு’, பல்லில் ‘கூச்சம்’. வயிறு ‘பிசைகின்றது’, மண்டை ‘தெறிக்கின்றது’ அல்லது ‘பிளக்கின்றது’, புண் ‘விண்விண்’ என்கின்றது. மகப்பேற்றின்போது ‘நோவு காண்கின்றது’. இச்சொற்கள் தமிழகத்திலிருந்து வந்தோர் கொணர்ந்தவையே; தோட்டத் தொழிலின் உடலுழைப்பு அவற்றுக்கு நாள்தோறும் வேலை கொடுத்தது.

மருத்துவ உலகம் இத்தகைய சொற்களின் பயனை உணர்ந்துள்ளது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட நோவு வினாநிரலில் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கினார். குத்துதல், துளைத்தல், எரிதல், துடித்தல் எனத் தன்மையைக் கூறுவன ஒருபுறம். அச்சம், சோர்வு என உணர்வைக் கூறுவன மற்றொருபுறம். நோயாளி தேர்ந்தெடுக்கும் சொல்லே நோயின் தன்மையை உணர்த்தும் என்பது அதன் அடிப்படை. ‘குடையுது’ என்று கூறும் முதியவரின் சொல்லைப் பேரன் மருத்துவரிடம் ‘பெயின்’ என்று மட்டும் பெயர்த்துச் சொன்னால், அம்முதியவர் தந்த செய்தியில் ஒருபாதி வழியிலேயே விழுந்துவிடுகின்றது.

இச்சொற்களிடையே மற்றொரு பண்பும் காணப்படுகின்றது. ‘ஆகனி’ மனத்தினின்று உடலுக்கு வந்த சொல். தமிழ்ப் பேச்சுச் சொற்களோ உடலினின்று மனத்திற்கும் சமூகத்திற்கும் சென்றுள்ளன. உளைச்சல் ‘மனவுளைச்சல்’ ஆயிற்று. எரிச்சல் ‘வயிற்றெரிச்சல்’ ஆயிற்று. ‘குத்தல் பேச்சு’ என்கின்றோம்; ஒருவர் மற்றொருவருக்குக் ‘குடைச்சல் கொடுக்கின்றார்’ என்கின்றோம். இவ்வாறு சென்ற சொற்கள் பலவற்றில் இரண்டாம் ஆள் ஒருவர் தோன்றிவிடுகின்றார். குத்தல் பேச்சைப் பேசுபவர் ஒருவர். குடைச்சல் கொடுப்பவர் ஒருவர். வயிறு எரிவதும் பெரும்பாலும் எவர் பொருட்டோதான். ‘வேதனை’ என்னும் சொல்லில் இவ்விரண்டாம் ஆள் இல்லை. ஆகவே, அச்சொல்லால் எழுதப்படும் வரலாற்றில் துன்பம் தந்தவர் எளிதில் மறைந்துவிடுகின்றார்.

வினையில் நிற்கும் போராட்டம்

இனி, ‘ஆகனி’யின் போராட்டப் பொருள் தமிழில் எங்கே உள்ளது என்னும் வினாவிற்கு வருவோம். பெயர்ச்சொற்களில் அதனைத் தேடினால் ஏமாற்றமே எஞ்சும். வினைச்சொற்களில் அது நிறைந்துள்ளது. துடித்தல், தவித்தல், பதைத்தல், உழலுதல், புரளுதல், உயங்குதல் ஆகிய இவை யாவும் துன்புறுவோரை எழுவாயாகக் கொண்ட வினைகள். சாகக் கிடப்பவரைப் பற்றி ‘உயிர் இழுத்துக்கொண்டிருக்கின்றது’ என்பது வீட்டு வழக்கு. ‘உயிருக்குப் போராடுகின்றார்’ என்பது செய்தித்தாள் வழக்கு. பின்னது, அறிந்தோ அறியாமலோ, கிரேக்க ‘அகோனியா’வின் நேர்ப்பொருளைத் தமிழில் கூறிவிடுகின்றது.

குறுந்தொகையின் 28ஆம் பாடல் இதற்குச் சிறந்த சான்று. ஔவையார் பாடிய அப்பாடலில், காதல்நோயுற்ற தலைவி தன் துன்பத்தின் அளவைக் கூறவில்லை. முட்டுவதா, தாக்குவதா, ஏதேனும் ஒரு காரணத்தை மேலிட்டுக்கொண்டு கூவுவதா எனத் தான் செய்யக்கூடிய செயல்களையே அடுக்கி வினவுகின்றாள். காற்று அவளை அலைக்கழிக்கின்றது. அவள் நோயறியாது ஊர் உறங்குகின்றது. நோயைக் குறிக்க ஆங்கு வரும் ‘உயவு’ என்னும் அடை, உயங்குதல் என்னும் வினையொடு தொடர்புடையது. இப்பாடலில் ஒரு களம் இருக்கின்றது. எதிர்த்தரப்பாக உறங்கும் ஊர் இருக்கின்றது. மோதத் துடிக்கும் ஓர் உடல் இருக்கின்றது. ‘அகோன்’ என்பதன் உறுப்புகள் அனைத்தும் இங்கு அமைந்துள்ளன. இதனை ‘வேதனையில் வாடும் தலைவியின் கூற்று’ என உரைத்து முடித்தால், பாடலின் ஆற்றல் முழுவதும் கைநழுவிப் போகும்.

சிலப்பதிகாரத்தில் இதனினும் விரிந்த வடிவைக் காண்கின்றோம். மதுரைக் காண்டத்தில் துன்பமாலை, ஊர்சூழ்வரி, வழக்குரை காதை, வஞ்சினமாலை என அடுத்தடுத்து வரும் நான்கு பகுதிகளின் பெயர்களே ஒரு வளர்ச்சியைக் கூறுகின்றன. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்ட கண்ணகியின் துன்பம், ஊர் நடுவே வெளிப்பட்டு, அரசவையில் வழக்காகி, இறுதியில் வஞ்சினமாகின்றது. கிரேக்கர் நீதிமன்ற வழக்கையும் ‘அகோன்’ என்றே அழைத்தனர் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். துன்பம் வழக்காக மாறும் அவ்விடத்திலேயே கண்ணகி காப்பியத்தின் முதன்மை மாந்தராக நிமிர்கின்றாள். துன்பமாலையோடு காப்பியம் நின்றிருந்தால் அவள் இரங்கத்தக்க ஒரு பெண்ணாக மட்டுமே எஞ்சியிருப்பாள்.

கிள்ளான் 1941; சயாம் 1943

இவ்வளவுகோலை மலேசியத் தமிழர் வரலாற்றின் இரு நிகழ்ச்சிகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். இரண்டுக்கும் இடையே உள்ள காலம் ஓரிரண்டு ஆண்டுகளே. இரண்டும் பெரும்பாலும் ‘வேதனை’ என்னும் ஒரே பெயரால் கூறப்படுகின்றன.

1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. காப்பார், கிள்ளான் ஆகிய இரு முக்கிம்களையும் தன்னகத்தே கொண்டது அம்மாவட்டம். ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தொழிலாளரை ஒன்றுதிரட்டிற்று. அவர்தம் கோரிக்கைகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம், தகுதியுள்ள ஆசிரியரைக் கொண்ட தமிழ்க்கல்வி, முறையான மருத்துவ வசதி, பெண்கள்பால் நிகழும் அத்துமீறலுக்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் கட்டாயத்தை நீக்குதல் ஆகியன அவற்றுள் சில. நாதன் கைதுசெய்யப்பட்டபின் போராட்டம் மேலும் பரவிற்று. படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர், நாதன் இந்தியாவிற்கு நாடுகடத்தப்பட்டார்.

இக்கோரிக்கைப் பட்டியல், நோவை நோவாகக் கூறாமல் அதன் இடத்தையும் தன்மையையும் காரணத்தையும் பெயரிட்டுக் கூறுகின்றது. சைக்கிளிலிருந்து இறங்கும் இழிவு உடலுக்கு எவ்வகை நோவையும் தருவதன்று. ஆயினும் அது கூலியுயர்வோடு ஒருங்கே கோரப்பட்டது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினைக் கூறும். பிறரால் இகழப்படுதலாகிய இளிவு அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது. 1941ஆம் ஆண்டுத் தொழிலாளர் இளிவையும் வறுமையையும் வேறுவேறாக அறிந்து, இரண்டையும் வழக்காக்கினர். இந்நிகழ்ச்சியைத் ‘தோட்டத் தொழிலாளர் பட்ட வேதனை’ என மாணவர்க்குக் கற்பித்தால், அவர்கள் செய்தது மறைந்து பட்டது மட்டும் எஞ்சும்.

அடுத்த நிகழ்ச்சி வேறுவகையானது. ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த சயாம்-பர்மா ரயில்பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடையது. 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலைசெய்விக்கப்பட்டனர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகை இரண்டு இலட்சத்தை ஒட்டியது என மதிப்பிடப்படுகின்றது. அவர்களுள் மாண்டோர் போர்க்கைதிகளைவிடப் பன்மடங்கினர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரும் ஆசியத் தொழிலாளருள் பெருந்தொகையினராக இருந்தனர். பசியும் அடியும் மலேரியாவும் வாந்திபேதியும் அவர்களை அழித்தன. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயர் பொறிக்கப்பெற்று வரிசையாக நிற்கின்றன. மாண்ட தமிழருக்கு அவ்வாறு ஆளுக்கொரு கல்லறை இல்லை.

இங்கு ஓர் எதிர்வாதம் எழக்கூடும். வாந்திபேதியால் கொட்டகையில் கிடந்து இறந்தவரிடம் போராட்டத்தைத் தேடுவது முறையாகுமா? துன்புற்றோர் அனைவரையும் வீரராகக் காட்ட முனைவது அவர்க்கு இழைக்கப்படும் மற்றொரு கொடுமையாகாதா? இவ்வாதம் நேர்மையானது. இதனைப் புறக்கணித்தல் கூடாது. ஆனால் ‘ஆகனி’ குறிக்கும் போராட்டத்தில் வெற்றியோ வீரமோ இன்றியமையாததன்று. உயிர் இழுத்துக்கொண்டிருப்பதும் அதன் பொருளே. ஒரு மிடறு நீருக்குத் தவித்தல், காய்ச்சலோடு எழுந்து நிற்க முயலுதல், பக்கத்தில் கிடப்பவரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளல் ஆகிய சிறு செயல்களும் அதனுள் அடங்கும். துன்புற்றோரை எழுவாயாக வைத்து ஒரு தொடர் எழுதுவதே இங்கு வேண்டப்படுவது. அதற்கு மேல் ஒன்றும் வேண்டப்படவில்லை.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ (2005) ஆகிய புதினங்கள் இப்பொருளைத் தமிழில் புனைகதையாக்கியவை. நிகழ்ச்சிக்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து இவை வெளிவந்தன என்பதே, சொல்லுக்காக இம்மக்கள் எத்துணைக் காலம் காத்திருந்தனர் என்பதைக் காட்டும். கல்லறை இல்லாதோருக்கு இவ்விரு நூல்களும் ஒருவகையில் கல்லெழுத்தாக அமைகின்றன. இவற்றை வகுப்பறையில் பயிற்றுவோர், எப்பகுதியில் மாந்தர் எழுவாயாக நிற்கின்றனர், எப்பகுதியில் வேதனைக்கு ‘ஆளாகின்றனர்’ என மாணவரைக் குறித்துவரச் செய்யலாம். அவ்வாறு செய்யின், புதினத்தின் நடை எங்கே உயர்கின்றது, எங்கே தளர்கின்றது என்பதை மாணவரே கண்டுகொள்வர்.

‘சொல்லொணா’ என்னும் அடை

இவ்விடத்தில் ‘சொல்லொணா வேதனை’ என்னும் தொடர் பற்றி ஒன்று கூறவேண்டும். அமெரிக்க அறிஞர் எலேன் ஸ்காரி 1985இல் வெளியிட்ட நோவுறும் உடல் பற்றிய நூலில், கடுநோவு மொழியை எதிர்ப்பதோடு அதனை அழிக்கவும் செய்கின்றது என வாதிட்டார். சொற்கள் தகர்ந்து, மொழிக்கு முந்திய கூக்குரலே எஞ்சுகின்றது என்பது அவர் கருத்து. ‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்’ என்னும் நம் பழமொழியும், பிறர் நோவை அறிதல் அரிது என்பதையே கூறுகின்றது. நோவுற்றவன் சொல்லிழந்து நிற்பது உண்மை. ஆயின் எழுதுபவன் நிலை வேறு. நோவுற்றவன் இழந்த சொல்லைத் தேடித்தருதல் எழுதுபவனின் கடமை. அவன் ‘சொல்லொணா’ என்னும் ஓர் அடையை இட்டுக் கடந்துசெல்லும்போது, தேடும் பொறுப்பையும் கழித்துவிடுகின்றான். தேர்வுக் கட்டுரைகளில் இத்தொடர் அழகிய சொற்றொடராகக் கருதப்பட்டு மதிப்பெண் பெறுவது மறுபரிசீலனைக்கு உரியது.

மொழிபெயர்ப்புக்கும் கற்பித்தலுக்கும்

மேற்கண்டவற்றால், ‘ஆகனி’க்கு ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடுதல் பயன்தராது என்பது பெறப்படும். இடம் நோக்கியே பெயர்க்கவேண்டும். சமய நூலில் உள்ளப் போராட்டத்தைக் குறிக்குமிடத்து ‘வியாகுலம்’ பொருந்தும். போராட்டம் முதன்மையாயின் அதனை வெளிப்படையாகக் கூறுதல் நன்று. இறக்கும் தறுவாயைக் குறிக்குமிடத்து ‘உயிர்ப்போராட்டம்’ என்பதும் ‘உயிர் இழுத்தல்’ என்பதும் ஏற்றவை. முடிவெடுக்க இயலா நிலையைத் ‘தவிப்பு’ என்னும் சொல் நன்கு உணர்த்தும். உடல்நோவாயின் கடுப்பு, குடைச்சல், குத்தல் எனத் தன்மை கூறும் சொல்லையும் துடித்தல் போன்றதொரு வினையையும் இணைத்துக் கூறலாம். காலணியின் தொல்லையைக் கூறுமிடத்து ‘தாங்க முடியவில்லை’ என்பதே போதும்.

கற்பித்தலில், ‘வேதனை’ என்னும் சொல்லை விலக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. மாணவர் அச்சொல்லை எழுதுமிடத்தெல்லாம் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும்: நோவு எவ்விடத்தது? அதன் தன்மை யாது? நோவுற்றவர் அப்போது என்ன செய்தார்? காப்பார் வட்டாரத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்துப் பேச்சில் வழங்கிய நோவுச் சொற்கள் பாட்டன், பாட்டியரின் நாவில் இன்னும் உள்ளன. அவற்றைக் கேட்டுத் தொகுத்து, எவ்வுறுப்புக்கு எச்சொல், எவ்வேலைக்குப்பின் எந்நோவு எனப் பட்டியலிடும் பணியை மாணவரிடம் ஒப்படைக்கலாம். மொழிப்பாடமாகவும் வட்டார வரலாறாகவும் அது பயன்படும்.

முடிவுரை

‘ஆகனி’ என்னும் ஆங்கிலச் சொல் போட்டிக்களத்தில் பிறந்து நோயாளியின் கட்டிலை வந்தடைந்தது. வழியில் தன் போராட்டப் பொருளை அது முற்றும் இழந்துவிடவில்லை. தமிழில் அப்பொருள் ‘வேதனை’ என்னும் பெயரில் இல்லை. துடித்தல், தவித்தல், உயங்குதல் முதலிய வினைகளில் உள்ளது. குறுந்தொகைத் தலைவியும் கண்ணகியும் அவ்வினைகளாலேயே நிலைபெற்றனர். கிள்ளான் தொழிலாளர் 1941இல் தம் நோவை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு வழக்காக்கினர். சயாம் சென்று மீளாதோருக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. அவர்களைப் பற்றி இனி எழுதுவோரும் அவ்வெழுத்தைக் கற்பிப்போரும் பொதுச்சொல் ஒன்றில் அவர்களை மொத்தமாக அடக்கிவிடாமல், அவர்தம் நோவையும் செயலையும் தனித்தனியே கூறுவது அவர்களுக்குச் செய்யும் குறைந்த அளவு நீதியாகும்.